கழுகை இறக்கிய பிறகு: பாடன் காலாட்படை ஹெல்மெட் ஒன்றின் பாதுகாப்பு ஆய்வு

நூறு வருடம் தாண்டிய தோல் ஹெல்மெட் ஒன்று பளபளவென்று மின்னினால், இடையில் யாரோ எதையோ தடவியிருக்கிறார்கள் என்று பொருள். இங்கே நான் எழுதும் ஹெல்மெட் அப்படித்தான் எங்கள் பட்டறைக்கு வந்தது. ஜெர்மானியப் பேரரசுக் காலத்துச் சாதாரணக் காலாட்படை வீரனின் கூர்முனை ஹெல்மெட் அது. பிக்கெல்ஹௌபே என்பார்கள். 1895-ஆம் ஆண்டு வடிவமைப்பு. போர்க்களத்தில் பட்ட காயத்தைவிட, முதல் உலகப் போருக்குப் பிறகு அதை ஆசையாக வைத்திருந்தவர்களின் பராமரிப்பில் பட்ட காயம்தான் அதில் அதிகம். அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி, முன்னால் செய்யப்பட்ட 'சீரமைப்பை' ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பதாகவே போனது.

உரிமையாளர் தென்மேற்கு ஜெர்மனிக்காரர், வயதானவர். அவருடைய அப்பா எப்போதோ பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. மகன் அதை வருடாவருடம் எண்ணெய் போட்டு, பித்தளையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். அவர் கேட்டது மூன்று விஷயம்: நெற்றிக்கு மேல் நீளும் முன்மறைப்பு பிரிந்து தொங்குகிறது, அதைத் தைக்க வேண்டும், தோலின் பிசுபிசுப்பு போக வேண்டும், முகப்பில் இருக்கும் பிரஷ்யக் கழுகு (பேரரசின் மிகப் பெரிய உறுப்பு நாடான பிரஷ்யாவின் சின்னம்) மறுபடி தங்கமாக ஜொலிக்க வேண்டும். முதல் இரண்டையும் செய்தோம். மூன்றாவது வேறு திசையில் போய்விட்டது.

பொருள் என்ன

பிக்கெல்ஹௌபேயைப் பிரஷ்ய ராணுவத்துக்கு 1842 அக்டோபரில் அரசர் நான்காம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் கொண்டுவந்தார். நனைத்த கெட்டித் தோலை அச்சில் அழுத்தி உருவாக்கி, அதன்மேல் பல கோட் கறுப்பு வார்னிஷ் ஏற்றி, முன்னும் பின்னும் மறைப்புகளைத் தைத்து, உச்சியில் பித்தளைக் கூர்முனை பொருத்துவார்கள். பீரங்கிப் படைக்கு மட்டும் கூர்முனைக்குப் பதில் உருண்டை. முதலில் மிக உயரமாக இருந்தது, பின்னால் வந்த மாதிரிகளில் படிப்படியாகக் குள்ளமானது.

முகப்புத் தகடுதான் இதன் அடையாளச் சீட்டு. 1871-க்குப் பிறகு ஜெர்மனி ஒரே பேரரசு என்றாலும், அதன் உறுப்பு நாடுகள் தங்கள் சின்னத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிரஷ்யாவுக்குக் கழுகு. தென்மேற்கில் இருந்த பாடனுக்குக் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், கையில் வாளும் கேடயமும். தகட்டின் பட்டையில் இருக்கும் வாசகமும் மாறும்: பிரஷ்யத் தகட்டில் 'கடவுளோடு, அரசருக்காகவும் தாய்நாட்டுக்காகவும்'. பாடன் தகட்டில் அரசருக்குப் பதில் 'இளவரசருக்காக'. பாடன் ஒரு கிராண்ட் டச்சி, அதாவது பெருங்கோமகன் ஆண்ட நாடு, அங்கே அரசர் கிடையாது. 1870 நவம்பரில் பிரஷ்யாவுடன் செய்த ராணுவ ஒப்பந்தத்தின்படி பாடன் படைகள் பிரஷ்ய ராணுவத்தோடு இணைந்து, கார்ல்ஸ்ரூவைத் தலைமையிடமாகக் கொண்ட 14-ஆவது படைப்பிரிவாயின. நிர்வாகம் பிரஷ்யாவுடையது, தகடு பாடனுடையது. இந்த ஒரு விவரம் தெரியாமல் பாடன் ஹெல்மெட் எதையும் தொடக்கூடாது.

தாடைவார் மாட்டும் இரண்டு பக்கக் குமிழ்களின் அடியில் இரண்டு நிறவட்டுகள் இருக்கும். வலப்புறம் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு, 1897-இல் சேர்க்கப்பட்டது. இடப்புறம் அந்தந்த நாட்டு வட்டு: பிரஷ்யாவுக்குக் கறுப்பு-வெள்ளை-கறுப்பு, பாடனுக்கு மஞ்சள்-சிவப்பு-மஞ்சள். சாதாரண வீரனுக்கு உரியது தகட்டில் அச்சடித்து வண்ணம் பூசிய எளிய பொருள்தான்.

முதலில் பார்த்தது

தொடுவதற்கு முன் படம் எடுப்பது எங்கள் வழக்கம். நேர் வெளிச்சத்தில் ஒரு வரிசை, பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒரு வரிசை, புற ஊதா விளக்கில் ஒரு வரிசை. அலுப்பான வேலை. ஆனால் இந்த ஹெல்மெட்டின் கதை முழுவதும் அந்தப் படங்களில்தான் வெளிவந்தது.

சாய்வு வெளிச்சத்தில் பின்மறைப்பின் உட்புறத்தில் அழுத்தி அடித்த முத்திரை எழும்பி நின்றது. பி, ஏ என்ற இரண்டு எழுத்து, ரோமன் எண்ணில் 14. படைப்பிரிவின் உடுப்புக் கிடங்கைக் குறிக்கும் சுருக்கம் அது. அதாவது இந்த ஹெல்மெட் வெளியே போனது கார்ல்ஸ்ரூவின் 14-ஆவது படைப்பிரிவுக் கிடங்கிலிருந்து. கீழே 113 என்ற எண். ஃபிரைபுர்கில் முகாமிட்டிருந்த 5-ஆவது பாடன் காலாட்படை ரெஜிமென்ட்டின் எண் அதுதான். அப்படியானால் முகப்பில் பிரஷ்யக் கழுகுக்கு என்ன வேலை?

ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் பதில் கிடைக்கும். சாதாரண வீரனின் முகப்புத் தகட்டுக்குப் பின்னால் இரண்டு வளையங்கள் பற்றவைத்திருக்கும். அவை தோலில் இருக்கும் துளை வழியாக உள்ளே நீளும். உள்ளே அந்த வளையத்தில் தோல் ஆப்பு ஒன்றைச் செருகி இறுக்குவார்கள். அதிகாரிகளின் தகடுகளுக்குத்தான் மரையும் திருகும். இங்கே இரண்டு துளைக்குப் பதில் நான்கு இருந்தன. ஒரு ஜோடியின் ஓரம் தோலின் மற்றப் பகுதியோடு ஒரே நிறத்தில், வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. இன்னொரு ஜோடியின் ஓரம் வெளிறி, நார் சிலும்பி, துளைப்பான் சுழன்ற அடையாளத்தோடு இருந்தது. கழுகு தொங்கியது இந்த இரண்டாவது ஜோடியில். அதைப் பிடித்திருந்த ஆப்பும் புதுத் தோல்.

ஆக, யாரோ ஒரு வியாபாரி தகடு இல்லாத பாடன் ஹெல்மெட் ஒன்றுக்குக் கையில் கிடைத்த கழுகை மாட்டி விற்றிருக்கிறார். இது அபூர்வமில்லை. போர் முடிந்த சமயத்தில் எதிரணி வீரர்கள் முழு ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போவதைவிடத் தகட்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது எளிதாக இருந்தது. முழு ஹெல்மெட்டுகளும் கடல் கடந்து குவிந்தன. அமெரிக்கப் போர்க்கடன் பத்திர விற்பனைக்காக நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தருகே 12,000 ஜெர்மானிய ஹெல்மெட்டுகளைக் கோபுரமாக அடுக்கிவைத்த படம் பிரசித்தம். அந்தக் காலத்திலிருந்தே தகடு ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், கூர்முனை ஒரு பக்கம் என்று சிதறிய பாகங்களைப் பின்னால் வந்த சந்தை தன் வசதிப்படி ஒட்டவைத்துக்கொண்டது.

இடப்பக்க நிறவட்டு பிரஷ்யாவுடையது, அதுவும் இக்காலத்து நகல். வலப்பக்கப் பேரரசு வட்டு அசல். தாடைவாரின் தோல் அசல், ஆனால் எண்ணெய் குடித்து ஊறியிருந்தது.

இன்னொரு சாட்சியம் மறைப்புகளின் விளிம்பில் இருந்தது. 1892 முதல் ஹெல்மெட்டின் மினுமினுப்பை மறைக்கத் துணியுறை போடும் வழக்கம் வந்தது. அதன் கொக்கிகளை மறைப்பு விளிம்பில் மாட்டுவார்கள். இந்த ஹெல்மெட்டின் விளிம்புகளில் அந்தக் கொக்கி அழுந்திய இடங்களில் சின்னச் சின்னத் தேய்மானங்கள், கோடாக ஓடிய கீறல்கள். அணிவகுப்புக்கு மட்டும் போட்ட ஹெல்மெட் இல்லை இது. உறை மாட்டிக் களத்தில் சுமந்தது. முந்தைய பராமரிப்பாளர்கள் இந்தக் கீறல்களைத்தான் 'குறை' என்று நினைத்துக் கறுப்பு ஷூ பாலிஷால் நிரப்பியிருந்தார்கள். புற ஊதா வெளிச்சத்தில் அந்த மெழுகு வெளிர்நீலமாகப் பூத்து, எங்கெங்கே பூசினார்கள் என்று வரைபடமே போட்டுக் காட்டியது.

எண்ணெயும் பாலிஷும் செய்தது என்ன

பழைய தோலுக்கு எண்ணெய் 'உணவு' என்ற நம்பிக்கை ஆழமாக ஊறிவிட்டது. பயன்பாட்டில் இருக்கும் சேணத்துக்கோ காலணிக்கோ அது சரி. தினமும் வளைந்து நிமிரும் தோலுக்கு வழவழப்பு தேவை. அலமாரியில் அசையாமல் நிற்கும் நூறு வயதுத் தோலுக்கு அது தேவையே இல்லை. தீங்குதான். மாட்டுக்கால் எண்ணெய் போன்றவை காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோலைக் கறுக்கவைக்கும். பிசினாகும். தூசியைப் பிடித்துவைக்கும். குளிரில் கொழுப்பு மேலே வந்து வெள்ளைப் பூச்சாகப் படியும், அதைப் பூஞ்சை என்று பயந்து மறுபடி எண்ணெய் போடுவார்கள்.

இதைவிட மோசமானது தோலும் பித்தளையும் தொடும் இடத்தில் நடப்பது. எண்ணெயின் கொழுப்பு அமிலம் பித்தளையில் இருக்கும் செம்போடு சேர்ந்து பச்சை நிற மெழுகாக மாறுகிறது. நம் ஊர்க் களிம்பின் இன்னொரு வடிவம் என்று சொல்லலாம், ஆனால் இது மெத்தென்று பிதுங்கும். கூர்முனை அடித்தட்டின் பொத்தான்கள், பக்கக் குமிழ்கள், தாடைவாரின் கொக்கி எல்லாவற்றின் ஓரத்திலும் பச்சை பிதுங்கி நின்றது. இது வளர வளரத் தோலைத் தையலிலிருந்து நெம்பித் தள்ளும், துளையைப் பெரிதாக்கும். இந்த ஹெல்மெட்டில் வலப்புறக் குமிழைச் சுற்றி வார்னிஷ் வட்டமாக உரிந்ததற்குக் காரணம் இதுதான்.

பித்தளை பாலிஷின் கதை தனி. தேய்க்கத் தேய்க்க உலோகம் கரைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முகப்புக் கழுகின் பட்டையில் வாசகம் பாதிக்கு மேல் தடவித்தான் படிக்கும் நிலைக்குத் தேய்ந்திருந்தது. கவனத்துக்கு வராதது அம்மோனியா. வழக்கமான பித்தளை பாலிஷ் பலவற்றில் அது உண்டு. அச்சில் அழுத்தி உருவாக்கிய மெல்லிய பித்தளைத் தகட்டுக்குள் அந்த அழுத்தம் இன்னும் இறுகிக்கிடக்கும். அம்மோனியா அந்த இடங்களில் புகுந்து விரிசல் விடவைக்கும். இதை உலகம் கற்றுக்கொண்ட இடம் இந்தியா. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. கூர்முனையின் கழுத்துப் பகுதியில் நாங்கள் கண்ட முடி அளவு விரிசல் இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கணிப்பு. அடி பட்ட பள்ளமோ வளைவோ அங்கே இல்லை, இறுகிப்போன பாலிஷ் வெள்ளை மட்டும் அந்த வரிப்பள்ளத்தில் நிறைந்திருந்தது.

செய்தது

முதலில் உலர்ந்த சுத்தம். மென்மையான தூரிகை, நுண்துகள் வடிகட்டி பொருத்திய உறிஞ்சி, வல்கனைஸ்டு ரப்பர் பஞ்சு. உள்ளே தலையில் படும்படி விரல் வடிவில் வெட்டிய தோல் பட்டைகளின் மடிப்பில் இருந்த வியர்வைக் கறையை அப்படியே விட்டோம். அது அழுக்கு இல்லை. இதைப் போட்டிருந்த மனிதனிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். முத்திரை ரெஜிமென்ட்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

அடுத்து ஷூ பாலிஷ் மெழுகு. அது ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரையும். அசல் வார்னிஷ் கரைகிறதா என்று பின்மறைப்பின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்தோம், கரையவில்லை. ஆல்கஹாலும் அசிட்டோனும் வைத்த சோதனைப் புள்ளியில் வார்னிஷ் உடனே பஞ்சில் ஒட்டியது, ஆகவே அந்த இரண்டையும் இந்த மேசையிலிருந்தே எடுத்துவிட்டோம். குச்சியில் சுற்றிய பஞ்சை லேசாக நனைத்து, உருட்டி, ஒவ்வொரு உருட்டலுக்கும் பஞ்சை மாற்றி மெழுகை எடுத்தோம். தேய்க்கவே கூடாது, உருட்ட வேண்டும். தேய்த்தால் வார்னிஷில் ஓடும் வலைப்பின்னல் விரிசல்களுக்குள் கரைந்த மெழுகு இறங்கிவிடும்.

தோலுக்குள் ஊறிய எண்ணெயை முழுதாக வெளியேற்ற வழி இருக்கிறது, கரைப்பானில் முக்கி எடுக்கலாம். நான் மறுத்துவிட்டேன். எண்ணெயோடு சேர்ந்து தோலில் அசலாக இருந்த கொழுப்பும் போகும், வார்னிஷ் ஊறி எழும்பும், தோல் சுருங்கலாம். மேலே பிசுபிசுத்ததை மட்டும் எடுத்து நிறுத்திக்கொண்டோம்.

பச்சை மெழுகை மூங்கில் குச்சியால் செதுக்கி எடுத்தோம். உலோகக் கருவி எதுவும் தோலின் பக்கம் போகவில்லை. எடுத்த பிறகு, கழற்ற முடிந்த குமிழ்களுக்கும் தோலுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெட்டிய பாலியெஸ்டர் படலத் துண்டு ஒன்றைச் செருகினோம். செம்பும் எண்ணெயும் நேரடியாகத் தொடாமல் இருந்தால் இந்த வேதிவினை வெகுவாகக் குறையும்.

பித்தளையை மின்னவைக்கவில்லை. வரிப்பள்ளங்களில் இறுகிய பாலிஷ் வெள்ளையை ஈரப்பஞ்சாலும் மரக்குச்சியாலும் எடுத்து, உடனே உலர்த்தி, நுண்படிக மெழுகு ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அதுவும் பித்தளைக்கு மட்டும். இப்போது இருக்கும் மங்கிய தேன் நிறம் அடுத்த பல வருடங்களில் மெல்ல இன்னும் கறுக்கும். கறுக்கட்டும்.

முன்மறைப்புதான் இந்த வேலையின் கடினமான பகுதி. இடப்பாதியில் தையல் அறுந்து, மறைப்பு கீழே தொங்கியபடியே வருடக்கணக்கில் இறுகி, உடலின் விளிம்பும் உள்ளே குழிந்துவிட்டது. இரண்டையும் சும்மா இழுத்துப் பிடித்துத் தைத்தால் பழைய துளைகள் ஒவ்வொன்றாகக் கிழியும். முதலில் வடிவம் திரும்ப வேண்டும். அதற்கு ஈரம் வேண்டும். ஈரம்தான் இங்கே ஆபத்தும். தாவரப் பதனீட்டுப் புதுத் தோல் 70 முதல் 85 டிகிரி வெப்பம் வரை சுருங்காமல் தாங்கும். சீர்கெட்ட பழைய தோலில் அந்த வரம்பு மிகவும் கீழே இறங்கியிருக்கும், நனைந்த நிலையில் 40 டிகிரியிலேயே சுருங்கிப் பாழாகும் தோல் உண்டு. வெந்நீரில் முக்கி, உள்ளே அரிசியோ மணலோ கொட்டி வடிவம் எடுப்பது, முடி உலர்த்தியைக் காட்டுவது எல்லாம் சேகரிப்பாளர்களிடையே பரவிய வைத்தியங்கள். அப்படிச் செய்து ஒரே இரவில் குழந்தைத் தலை அளவுக்குச் சுருங்கிய ஹெல்மெட்டைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அந்த யோசனையை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஆவியை மட்டும் கடத்தி நீர்த்துளியைத் தடுக்கும் கோர்டெக்ஸ் துணி வழியாக, அறை வெப்பத்தில், குழிந்த விளிம்புக்கு மட்டும் ஈரப்பதம் கொடுத்தோம். தோல் கொஞ்சம் இளகியதும் உள்ளே பாலிஎதிலீன் நுரையில் செதுக்கிய வார்ப்பை வைத்து மிக லேசாக உந்தி, அப்படியே உலரவிட்டோம். அப்புறம் மறுபடி. ஒவ்வொரு சுற்றிலும் சில மில்லிமீட்டர்தான் நகரும். துளையும் துளையும் நேருக்கு நேர் வர இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருந்தபோது தோல் நகர மறுத்தது. அங்கேயே நிறுத்திவிட்டோம். அந்தச் சின்ன வளைவு இன்றும் தெரியும்.

அறுந்த பகுதியை மெழுகிட்ட லினன் நூலால், பழைய துளைகளில் மட்டும் தைத்தோம். நல்ல நிலையில் இருந்த வலப்பாதியின் அசல் நூலைத் தொடவில்லை. புது நூலை ஒரு படி வெளிர் நிறத்தில் வேண்டுமென்றே விட்டோம். ஒரு கை தூரத்தில் வேறுபாடு தெரியாது, கிட்டத்தில் உருப்பெருக்கியோடு பார்ப்பவருக்கு எது 1914-க்கு முந்தையது, எது எங்களுடையது என்று உடனே தெரியும். கிழிந்த இரண்டு துளைகளுக்குப் பின்னால் நிறமேற்றிய ஜப்பானியத் தாளை ஒட்டி வலுவூட்டினோம்.

செதிலாக எழும்பிய வார்னிஷைப் படியவைக்க, அருங்காட்சியகங்கள் வழக்கமாகக் கையாளும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் இங்கே சரிப்படவில்லை. அதைக் கரைக்க வழக்கமாகப் பயன்படும் அசிட்டோனுக்கு இந்த வார்னிஷ் தாங்காது. ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையை நீர்க்கக் கரைத்து, நுனித் தூரிகையால் செதிலின் அடியில் மட்டும் விட்டோம். சீர்கெட்ட தோல் நீர் பட்டாலே கறுக்கும் என்பதால் ஒவ்வொரு செதிலுக்கும் மிகச் சின்னத் துளிதான். இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்கள் மேலே புதுக் கறுப்பு லாக்கர் ஒரு கோட் அடித்துவிடுவார்கள். அடித்தால் ஹெல்மெட் அழகாக இருக்கும், அதில் படிக்க எதுவும் மிஞ்சாது.

கழுகா, கிரிஃபினா

சுத்தம் செய்வதற்காகக் கழுகைக் கழற்றினோம். அதன் அடியில் இருந்த மெழுகையும் எடுத்த பிறகு, முகப்பின் வார்னிஷில் ஒரு நிழல் தெரிந்தது. பல வருடம் தகட்டால் மூடிக்கிடந்த பகுதி வெளிச்சமும் தேய்மானமும் படாமல் அடர்ந்த கறுப்பாக இருந்தது, சுற்றியுள்ள பகுதி மங்கிப் பழுப்பேறியிருந்தது. அந்த எல்லைக்கோடு கழுகின் விரிந்த இறக்கையோடு பொருந்தவில்லை. தூக்கிய வாள், சாய்ந்த கேடயம், பின்னால் வளைந்த வால். பாடன் கிரிஃபின். முத்திரையும் துளைகளும் சொன்னதை மூன்றாவதாக ஒன்று உறுதிசெய்தது.

உரிமையாளரை வரவழைத்து சாய்வு வெளிச்சத்தில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. சிறுவயதிலிருந்து அவர் பார்த்து வளர்ந்தது கழுகைத்தான்.

"சரி, கழுகு வேண்டாம். நல்ல கிரிஃபின் தகடு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் துறையிலேயே அதை ஆதரிப்பவர்கள் உண்டு. அசல் தகடு எப்படி இருந்தது என்று நமக்கு ஐயமில்லாமல் தெரியும், பழைய துளை இருக்கிறது, புதிதாக எதையும் துளைக்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். இதற்கெல்லாம் என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். சந்தையில் கிடைக்கும் அசல் கிரிஃபின் தகடு ஒவ்வொன்றும் இன்னொரு ஹெல்மெட்டிலிருந்து வந்தது. நகல் தகடு மாட்டினால், நம் காலத்துக்குப் பிறகு யாரோ அதை அசல் என்று விற்பார்கள். இந்தக் கழுகு எப்படி இங்கே வந்ததோ அப்படி. அந்தக் கழுகும் பொய்யான பொருள் இல்லை. அசல் பிரஷ்யத் தகடு. ஏதோ ஒரு பிரஷ்ய ஹெல்மெட் அதை இழந்துவிட்டு நிற்கிறது.

"முகப்பு வெறுமையாக, ஓட்டை தெரிய யார் வைத்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார்.

வெறுமையாக இருந்தால்தான் நிழல் தெரியும் என்றேன். தகடு மாட்டினால் கிரிஃபின் இருந்ததற்கான ஒரே நேரடிச் சாட்சியத்தைக் கிரிஃபினாலேயே மூடிவிடுவோம். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். துளைப்பானால் போட்ட துளைகளை நிரப்பவில்லை, உள்பக்கம் கறுப்பு ஜப்பானியத் தாளைத் தளர்வாக வைத்து வெளிச்சம் ஊடுருவாமல் மட்டும் செய்தோம். நகல் நிறவட்டையும் கழற்றினோம். கழுகும் வட்டும் தனிப் பெட்டியில், எந்த ஹெல்மெட்டிலிருந்து, எந்தத் துளையிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு ஹெல்மெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

எஃகு ஹெல்மெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

எங்களிடம் வருவதில் தோல் ஹெல்மெட் குறைவு, எஃகு ஹெல்மெட்தான் அதிகம். தோல் 1914-இலேயே தட்டுப்பாடானது, தென் அமெரிக்கத் தோல் வரத்தைக் கடல் முற்றுகை அடைத்துவிட்டது. கம்பளி நமுதாவிலும் மெல்லிய தகரத்திலும் மாற்று ஹெல்மெட்டுகள் வந்தன, 1915 மாதிரியில் பித்தளை போய்ச் சாம்பல் நிற எஃகுப் பொருத்துகள் வந்தன. ஆனால் பதுங்குகுழிப் போரில் எறிகணைச் சிதறலுக்கு எந்தத் தோலும் எதிர்நிற்கவில்லை. அறுவை மருத்துவர் அவுகுஸ்ட் பியர் மிகச் சிறிய சிதறல்கள் மூளையைச் சிதைப்பதைக் கண்டு சொன்னார், ஹனோவர் பேராசிரியர் ஃபிரீட்ரிக் ஷ்வேர்ட் எஃகு ஹெல்மெட்டை வடிவமைத்தார், ஹார்ட்ஸ் மலைப்பகுதியின் தாலே ஆலை அதைச் செய்தது. 1916 தொடக்கத்தில் பிரான்சின் வெர்டன் போர்முனைக்குப் போனது.

அதில் நடக்கும் அழிவும் இதே வகை. துருவைக் கண்டதும் மணற்காகிதம். 1918 ஜூலையில் வந்த உத்தரவுப்படி வீரர்களே பச்சை, காவிமஞ்சள், துருப்பழுப்புத் திட்டுகளைப் பூசி, நடுவில் விரல் அகலக் கறுப்புக் கோடு போட்ட ஹெல்மெட்டுகள் உண்டு. பின்னால் யாராவது அடித்த ஒற்றை நிறப் பூச்சுக்கு அடியில் அந்தத் திட்டுகள் இன்னும் ஒளிந்திருக்கலாம். மணற்காகிதம் எல்லாவற்றையும் சேர்த்துச் சீவிவிடும். உலர்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும் பழுப்புத் துரு அவசரமில்லை, ஈரத்தைக் குறைத்து மெழுகிட்டால் அப்படியே நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் பொடி உதிர்ந்துகொண்டோ, ஈரத் துளியாகக் கசிந்துகொண்டோ இருந்தால் உப்பு உள்ளே இருக்கிறது என்று பொருள். அது மண்ணிலிருந்து எடுத்த ஹெல்மெட்டுகளில் வரும், வீட்டில் தீர்க்கும் விஷயம் இல்லை.

இப்போதைய நிலை

ஹெல்மெட் உரிமையாளரின் வீட்டிலேயே இருக்கிறது. தலை வடிவில் செதுக்கிய பாலிஎதிலீன் நுரை மேல் உட்கார்ந்திருக்கிறது, எடை முழுவதும் உச்சியின் உட்புறத்தில் விழும், மறைப்புகள் எதையும் தொடாது. கூர்முனையைப் பிடித்துத் தூக்கக்கூடாது, தாடைவாரில் தொங்கவிடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். ஈரப்பதம் 50 விழுக்காட்டையொட்டி, வெளிச்சம் 50 லக்ஸுக்குள். முன்பு வைத்திருந்த ஓக் மர அலமாரி வேண்டாம் என்றோம். ஓக் மரம் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். கம்பளித் துணியும் வேண்டாம், அதன் கந்தகம் பித்தளையைக் கறுக்கவைக்கும். தொடும்போது நைட்ரைல் கையுறை.

எண்ணெயும் பாலிஷும் நிறுத்தப்பட்டன. இதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் தன் கையால் செய்துவந்த வேலை அது. அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை குமிழ்களின் ஓரத்தை உருப்பெருக்கியால் பார்த்து, அதே கோணத்தில் படம் எடுத்து அனுப்புவது. இரண்டாவது படத்தில் வலப்புறக் குமிழின் கீழ் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை மறுபடி தெரிந்தது. தோலுக்குள் ஊறிய எண்ணெய் இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதை மூங்கில் குச்சியால் எடுத்தாயிற்று. இன்னும் பல வருடங்களுக்கு இது வரும், வரும்போதெல்லாம் எடுக்க வேண்டும்.